லினக்ஸ் போனுக்கு மாறுகிறீர்களா? முதலில் சிம்மைப் பாருங்கள்

"ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தானே, அப்புறம் எதற்குத் தனியாக ஒரு லினக்ஸ் போன்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் தப்பில்லை, ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கர்னல்தான் (வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரல்). ஆனால் அதற்கு மேலே இருக்கும் எல்லாம் வேறு. நான் இங்கே சொல்லும் லினக்ஸ் போன், மேசைக் கணினியில் டெபியன், உபுண்டு என்று ஏதோ ஒரு லினக்ஸைப் போட்டு ஓட்டுகிறோமே, அதே சாமான்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவது. அதே டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்), அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே கோப்பு அடைவுகள். அதில் ஃபோன் பேசவும் முடியும் என்பது கூடுதல் சங்கதி. சில நாள் அந்தக் கூடுதல் சங்கதிதான் தகராறு செய்யும்.

பைன்ஃபோன், லிப்ரெம் 5 என்று லினக்ஸுக்காகவே செய்த போன்களும் உண்டு. பைன்ஃபோனின் வேகத்துக்குப் பொறுமை வேண்டும், லிப்ரெம் 5-இன் விலைக்குப் பணம் வேண்டும், இரண்டையும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். போனுக்கென்றே உபுண்டுவிலிருந்து செய்த உபுண்டு டச்சும் இருக்கிறது. கனானிக்கல் நிறுவனம் 2017-இல் கைவிட்ட பிறகு யுபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் குழு அதை எடுத்து வளர்த்துவருகிறது, நல்ல திட்டம்தான், ஆனால் அதற்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டும். நான் பயன்படுத்துவது பழைய ஒன்பிளஸ் 6. 2018-இல் வந்த போன், ஸ்னாப்டிராகன் 845 சில்லு, குறைந்தது 6 ஜிபி ரேம். கம்பெனியின் அப்டேட் ஆண்ட்ராய்டு 11-ஓடு நின்றுவிட்டதால் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கிறது. அதில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். போன்கள் பத்து வருடமாவது உழைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 2017-இல் தொடங்கிய திட்டம் அது, அல்பைன் லினக்ஸின் மேல் கட்டியது. கீழே உள்ளதெல்லாம் இந்தக் கூட்டணியில் எனக்குத் தெரிந்தவை. வேறு போன் என்றால் சில இடங்கள் மாறும், வரிசை மாறாது.

முதலில் உங்கள் சிம் என்ன என்று பாருங்கள். போனை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். இந்தப் போனில் லினக்ஸ் போட்டால் வோல்ட்இ (4ஜியிலேயே குரல் அழைப்பு) கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். வோல்ட்இ இல்லையென்றால், அழைப்பு வரும்போது போன் 4ஜியை விட்டு 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கித்தான் பேச முடியும். ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டுமே கிடையாது, ஆகவே ஜியோ சிம் போட்டால் இன்டர்நெட் ஓடும், அழைப்பு வராது, போகாது. ஏர்டெல், வி இரண்டும் 2ஜியை வைத்திருக்கின்றன, பிஎஸ்என்எல்லும் அப்படியே. அந்த சிம்களில் எண்ணை அழுத்திய பிறகு மணி அடிக்கச் சில விநாடி கூடுதலாகும், பேசி முடிக்கும்வரை டேட்டா நின்றுபோகும். அவ்வளவுதான் வித்தியாசம். இது தெரியாமல் நான் என் முதல் நாள் முழுவதையும் மோடம் அமைப்புகளைக் கிளறியே கழித்தேன், குற்றம் சிம்மில் இருந்தது.

சரி, சிம் ஒத்துவருகிறது, போன் கைக்கு வந்துவிட்டது. உடனே கணினியில் செருகாதீர்கள். ஆண்ட்ராய்டு இருக்கும்போதே செய்ய வேண்டிய நாலு வேலை இருக்கிறது. கம்பெனி கொடுத்த கடைசி அப்டேட்வரை ஏற்றிவிடுங்கள், மோடம், வைஃபை இவற்றின் ஃபர்ம்வேர் (அந்தச் சில்லுகளுக்குள்ளேயே ஓடும் நிரல்) அதில்தான் வருகிறது. உங்கள் சிம்மைப் போட்டு ஆண்ட்ராய்டிலேயே ஒருமுறை பேசிப் பாருங்கள், மைக்கும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றனவா என்று இப்போது தெரிந்துகொள்ளாவிட்டால் பின்னால் லினக்ஸைத் திட்டுவீர்கள். மொபைல் நெட்வொர்க் அமைப்பில் ஏபிஎன் என்று ஒரு பெயர் (சிம் கம்பெனியின் இன்டர்நெட் வாசல்) இருக்கும், அதைத் தாளில் எழுதிவையுங்கள், *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தொடர்புகளை விசிஎஃப் கோப்பாக (பெயர்களும் எண்களும் அடங்கிய கோப்பு) ஏற்றுமதி செய்து கணினியில் வையுங்கள்.

அப்புறம் போனைத் திறப்பது. அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' மேல் ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதற்குள் ஓஇஎம் அன்லாக்கிங்கை இயக்குங்கள். போனை அணைத்து, பவர் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஃபாஸ்ட்பூட் திரை வரும், கணினியிலிருந்து போனின் சேமிப்பகத்தில் எழுத விடும் நிலை அது. இங்கிருந்து கணினியின் டெர்மினல் வேலை. பூட்லோடரை (போன் கிளம்பும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) திறக்கும் கட்டளையைக் கொடுத்ததும் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கேட்காமல் அழிக்காது, ஆனால் கேட்பதைப் படிக்காமல் 'யெஸ்' அழுத்துவது நம் வழக்கம், அதனால் சொல்கிறேன்.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் தளத்தில் உங்கள் போனுக்கான ஆயத்தப் பிம்பங்கள் (அப்படியே போனில் ஏற்றக்கூடிய இயங்குதளக் கோப்புகள்) இருக்கும். இந்தப் போனின் குறிப்பெயர் என்சிலாடா, 6டி போனுக்கு ஃபஹீட்டா. இரண்டும் மெக்சிகோ சாப்பாடு. பசியில் மாற்றி எடுத்துவிடாதீர்கள். இடைமுகத்துக்குப் பிளாஸ்மா மொபைல், க்னோம் மொபைல் என்று பல உண்டு, புதியவர்களுக்கு நான் சொல்வது போஷ். வருடத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும், நிலையான வெளியீடு வரும், 25.06 என்பது போல வருடமும் மாதமும்தான் அதன் பெயர். 'எட்ஜ்' என்று இருப்பதைத் தொடாதீர்கள், அது தினமும் மாறும் சரக்கு. இறக்கிய கோப்புகள் சுருக்கப்பட்டிருக்கும், முதலில் விரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபாஸ்ட்பூட்டில் டிடிபிஓ பகுதியை (ஆண்ட்ராய்டுக்கான வன்பொருள் விவரம் இருக்கும் இடம்) அழித்துவிட்டு, பூட் கோப்பை பூட் பகுதிக்கும் பெரிய கோப்பை யூசர்டேட்டா பகுதிக்கும் ஏற்ற வேண்டும். டிடிபிஓவை அழிக்காமல் விட்டால் போன் கிளம்பாது. பயந்துவிட வேண்டாம், மறுபடி ஃபாஸ்ட்பூட்டுக்கு வந்து அழித்தால் போதும்.

முதல்முறை திறக்கும்போது கடவு எண் கேட்கும். ஆயத்தப் பிம்பங்களில் அது 147147. அது ஊருக்கே தெரிந்த எண், ஆகவே உள்ளே போனதும் டெர்மினலைத் திறந்து மாற்றிவிடுங்கள். எண்களாகவே வையுங்கள், பூட்டுத்திரையில் முதலில் வருவது எண்பலகைதான், எழுத்தும் குறியும் கலந்து வைத்துவிட்டு நடுத்தெருவில் விழிக்க வேண்டாம். இன்னொன்று, இந்த ஆயத்தப் பிம்பங்களில் சேமிப்பகம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்காது. போன் தொலைந்தால் எடுத்தவர் எல்லாவற்றையும் படிக்கலாம். அது வேண்டாம் என்றால் பிஎம்பூட்ஸ்ட்ராப் என்ற கருவியால் நீங்களே பிம்பம் செய்துகொள்ளலாம், ஆனால் இரண்டாவது முறை நிறுவும்போது செய்யுங்கள். இரண்டாவது முறை கண்டிப்பாக வரும்.

இப்போது சிம். ஒரே சிம்மை மட்டும் போடுங்கள், இரண்டு சிம் பழக்கத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் போய், தாளில் எழுதிய ஏபிஎன்னைச் சேருங்கள், டேட்டா வந்துவிடும். பிறகு வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துச் சோதியுங்கள். நீங்கள் அழையுங்கள், அவர் அழைக்கட்டும். திரை அணைந்திருக்கும்போது அழைக்கட்டும். போனை அரைமணி நேரம் மேசையில் போட்டுவிட்டு அழைக்கட்டும். எஸ்எம்எஸ் வருகிறதா பாருங்கள். ஏதாவது ஒரு தளத்தில் ஓடிபி வரவழைத்துப் பாருங்கள். பேசும் குரல் எதிர்ப்பக்கம் எதிரொலிக்கிறதா என்று கேளுங்கள், ஸ்பீக்கரில் போட்டால் கொஞ்சம் எதிரொலிக்கும். அம்மா என்னிடம் "எங்கடா கிணத்துக்குள்ள இருந்து பேசுறியா" என்றார், ஒலியைக் குறைத்ததும் சரியானது. இந்தச் சோதனை ஒழுங்காக முடியாதவரை வேறு எதையும் நிறுவாதீர்கள். அழகான ஐகான், தீம், டெர்மினல் வண்ணம் என்று இறங்கிவிட்டு, மூன்றாம் நாள் ஒரு முக்கியமான அழைப்பைத் தவறவிட்டு, வெறுத்துப்போய் ஆண்ட்ராய்டுக்கே திரும்பியவர்கள்தான் நான் பார்த்தவர்களில் அதிகம்.

தொடர்புகள் எளிது. விசிஎஃப் கோப்பை போனுக்குக் கொண்டுவந்து காண்டாக்ட்ஸ் செயலியில் இறக்குமதி செய்தால் ஆயிற்று. கோப்பை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள், ஏனென்றால் யுஎஸ்பியில் செருகினால் பென் டிரைவ் போலத் திறக்காது. கணினி இந்தப் போனை ஒரு நெட்வொர்க் கருவியாகப் பார்க்கும், போனின் முகவரி 172.16.42.1. எஸ்எஸ்ஹெச் (கணினியிலிருந்து போனுக்குள் நுழையும் வழி) இயக்கியிருந்தால் கோப்பு மேலாளரிலேயே எஸ்எஃப்டிபி என்று அந்த முகவரியைக் கொடுத்து உள்ளே போகலாம். ஒருமுறை பழகிவிட்டால் இதைவிட வசதி இல்லை. திரை உறைந்து நின்றாலும் இந்த வழியாக உள்ளே போய்ச் சரிசெய்யலாம்.

செயலிகளை நிறுவ சாஃப்ட்வேர் என்ற கடைச் செயலி உண்டு, கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும். நான் டெர்மினலில் அல்பைனின் ஏபிகே கட்டளையையே பயன்படுத்துகிறேன். பெயரைக் கேட்டதும் குழம்புவீர்கள். இது ஆண்ட்ராய்டின் ஏபிகே கோப்பு அல்ல, அல்பைனின் பொதி மேலாளருக்கும் (செயலிகளை நிறுவும் கருவி) அதே பெயர் அமைந்துவிட்டது. ஆண்ட்ராய்டு ஏபிகேயை இறக்கி இதில் நேரடியாக நிறுவப் பார்த்தால் ஒன்றும் நடக்காது.

தமிழ் எழுத்துகள் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் நோட்டோ தமிழ் எழுத்துரு அல்பைன் களஞ்சியத்தில் தனிப் பொதியாக இருக்கிறது, அதை நிறுவி ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். படிப்பது முடிந்தது, தட்டச்சு? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. என் பதிப்பில் இருக்கும் திரை விசைப்பலகை ஸ்க்வீக்போர்டு. அதன் அமைப்பு முழுவதும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான், எந்த வரிசையில் எந்த எழுத்து என்று நீங்களே எழுதி, உங்கள் ஹோம் அடைவுக்குள் ஸ்க்வீக்போர்டுக்கான இடத்தில் வைத்தால் எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மெய்வரிசை 18, உயிர்மெய்க் குறிகள் 11, புள்ளி ஒன்று, மொத்தம் முப்பது. பத்துப் பத்தாக மூன்று வரிசையில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது! ஷிஃப்ட் அழுத்தினால் வரும் பலகையில் உயிர் 12, ஆய்தம், ஜ, ஷ, ஸ, ஹ. அடிக்கடி வரும் க, த, ப, ம எல்லாம் வலது கட்டைவிரலுக்குப் பக்கத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போயிற்று, ஆனால் வேறெந்தப் போனிலும் என் விரலுக்கு ஏற்றபடி ஒரு தமிழ் விசைப்பலகையை இப்படி அடித்துத் திருத்திக்கொள்ள விட்டதில்லை. இதில் ஒன்று மட்டும் கவனம்: கோப்பில் வரிகளின் உள்தள்ளல் பிசகினால் பலகை வராது, பழைய ஆங்கிலப் பலகையே வந்து நிற்கும். முடிக்கும்வரை ஒரு ப்ளூடூத் விசைப்பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அன்றாடம். இணையம் பார்க்க ஃபயர்ஃபாக்ஸ், கணினியில் உள்ள அதே ஃபயர்ஃபாக்ஸைப் போன் திரைக்கு ஏற்ப போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் குழு ஒடுக்கி வைத்திருக்கிறது. விளம்பரத் தடுப்பான் உட்பட எல்லா நீட்சிகளும் வேலை செய்யும். ரயில் டிக்கெட், மின் கட்டணம், வங்கியின் இணையதளம் எல்லாம் அதிலேயே போகலாம், ஓடிபி எஸ்எம்எஸ்ஸாகச் சாட்ஸ் செயலிக்கு வரும். மின்னஞ்சலுக்கு கீரி. டெலிகிராமின் கணினிப் பதிப்பு சின்னத் திரையிலும் தன்னை நன்றாக மடித்துக்கொள்கிறது. பாட்டு, பாட்காஸ்ட், மின்னூல் இவற்றுக்கெல்லாம் குறையில்லை. வரைபடத்துக்கு க்னோம் மேப்ஸ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு, நம் ஊர்த் தெருக்கள் சில இடங்களில் தமிழிலேயே இருக்கும். ஜிபிஎஸ் முதல்முறை இடத்தைக் கண்டுபிடிக்க நேரமெடுக்கும், மொட்டை மாடிக்குப் போய் நில்லுங்கள்.

கேமராவை நம்பி இந்தப் போனை வாங்காதீர்கள். என்னுடையதில் வேலை செய்யவில்லை, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கைரேகையும் அப்படியே.

வாட்ஸாப்தான் எல்லாரும் கேட்பது. லினக்ஸுக்குத் தனி வாட்ஸாப் கிடையாது. வேட்ராய்டு என்று ஒன்று இருக்கிறது, லினக்ஸுக்குள் ஒரு கொள்கலன் (தனியாகப் பிரித்த இடம்) வைத்து அதில் முழு ஆண்ட்ராய்டையே ஓட்டும். நிறுவியதும் ஆண்ட்ராய்டுக்கான பிம்பங்களை இறக்கும், ஒரு ஜிபிக்கு மேல் ஆகும், வைஃபையில் செய்யுங்கள். பிறகு வாட்ஸாப்பின் ஏபிகே கோப்பை அதன் தளத்திலிருந்து இறக்கி வேட்ராய்டுக்குள் நிறுவலாம் (இந்த ஏபிகே ஆண்ட்ராய்டு ஏபிகே, மேலே சொன்ன குழப்பம் ஞாபகம் இருக்கட்டும்). என் யோசனை, உங்கள் எண்ணின் வாட்ஸாப் பழைய போனிலேயே இருக்கட்டும், இங்கே 'இணைக்கப்பட்ட கருவி'யாக மட்டும் சேருங்கள். 2023 முதல் இன்னொரு போனையும் அப்படிச் சேர்க்க வாட்ஸாப் விடுகிறது, இந்தத் திரையில் வரும் க்யூஆர் குறியைப் பழைய போனால் படம் பிடித்தால் போதும், இங்கே கேமரா இல்லாதது தடையல்ல. பழைய போனைப் பதினான்கு நாளுக்கு ஒருமுறையாவது திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். வேட்ராய்டு ஓடாதபோது செய்தி வந்தது தெரியாது. குடும்பக் குழுவில் காலை வணக்கப் படங்கள் மதியம்தான் வந்து சேரும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

யுபிஐயை வேட்ராய்டில் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். யுபிஐ செயலிகள், போனில் இருக்கும் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி எண்ணை உறுதிப்படுத்தும், கொள்கலனுக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டுக்கு சிம் இருப்பதே தெரியாது. வழி என்ன? ஒன்று, *99# சேவை. இன்டர்நெட் இல்லாமல் பணம் அனுப்ப என்பிசிஐ (யுபிஐயை நடத்தும் அமைப்பு) நடத்துவது, அழைப்புச் செயலியிலேயே அந்த எண்ணை அடித்தால் மெனு வரும், ஒரு பரிமாற்றத்துக்கு 5,000 ரூபாய் வரை. வங்கியில் பதிந்த எண்ணின் சிம் இந்தப் போனில் இருக்க வேண்டும். மெனுவில் கொஞ்சம் தயங்கினால் இணைப்பு விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து. டீக்கடையில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது இதைச் செய்து பார்த்தேன், அதற்குப் பிறகு சில்லறை வைத்துக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால், பெரும்பாலானவர்களுக்குச் சரியான வழி இரண்டாவது: வங்கி எண்ணின் சிம் பழைய ஆண்ட்ராய்டிலேயே இருக்கட்டும், வீட்டிலோ பையிலோ கிடக்கட்டும், லினக்ஸ் போனில் வேறு எண். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அழைப்பு ஒரு வாரம், இணையமும் மின்னஞ்சலும் அடுத்த வாரம், வாட்ஸாப் அதற்கடுத்து என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள். வராததை விட்டுவிடுங்கள்.

பேட்டரி 3,300 எம்ஏஹெச், அதுவும் பழைய போன், ஆகவே பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். திரை அணைந்து சிறிது நேரத்தில் போனை உறங்கவைக்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதை இயக்கினால் பேட்டரி நிற்கும், ஆனால் உறக்கத்தில் வைஃபை வழியாக வரும் செய்திகள் எழுப்பாது. முதல் வாரம் அதை அணைத்தே வையுங்கள், சார்ஜரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இயக்கிவிட்டு, முன்பு செய்த அழைப்புச் சோதனையை மறுபடி செய்யுங்கள், உறங்கும் போனை அழைப்பு எழுப்புகிறதா என்று. அலாரம்? போன் உறங்கினால் அலாரமும் உறங்கிவிடலாம். காலை ஐந்தரை மணி ரயிலைத் தவறவிட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். இப்போது தலைமாட்டில் செல் போட்ட கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதேபோல 112 போன்ற அவசர அழைப்புக்கு இந்தப் போனை மட்டும் நம்பி இருக்காதீர்கள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது ஒரே போனாக இருக்கக் கூடாது.

கடைசியாக அப்டேட். வாரம் ஒருமுறை பொதிகளைப் புதுப்பியுங்கள், அரை மணி நேரம் ஓய்வாக இருக்கும்போது, சார்ஜரில் செருகிவிட்டு. அரையாண்டு வெளியீட்டுக்கு மாறுவதற்குத் தனி நிரல் இருக்கிறது, அதை ஓட்டுவதற்கு முன் ஹோம் அடைவு முழுவதையும் கணினிக்கு நகலெடுங்கள், அதே 172.16.42.1 வழியாக. நான் ஒரு பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு, நகல் எடுத்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் அந்த மாற்றத்தைத் தொடங்கி, பாதியில் கேபிள் கழன்று, விடிய மூன்று மணிக்குக் கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருந்தேன். ஃபாஸ்ட்பூட் திரை வந்தது, இரண்டு கோப்புகளையும் மறுபடி ஏற்றினேன், 147147 அடித்து உள்ளே போனேன், நகலைத் திருப்பிப் போட்டேன். விசைப்பலகைக் கோப்பு பத்திரமாக இருந்தது. பேருந்தில் ஏறி உட்கார்ந்து அம்மாவுக்கு "கிளம்பிட்டேன்" என்று அதில்தான் அடித்தேன்.